கசியும் சுவிட்ச்

மார்ச் 4

என் டாக்டரம்மாவுக்கு,

நான் சௌக்கியம். ஆராய்ச்சிக்கென்று நீ ஊர் மாறிப் போனதிலிருந்து உன் தம்பி தினமும் பேக்கரிக்கு வந்து, "மாமா, அக்கா ஈஸ்டுக்குச் சுவிட்ச் செய்றாளாமே?" என்று கேட்கிறான். "ஆமாண்டா, அவ அதைச் சீராட்டி வளர்க்கிறா, நான் அடுப்புல வெச்சுக் கொல்றேன். பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வெச்சாங்க" என்றேன்.

அது கிடக்கட்டும். போன கடிதத்தில் பக்கம் முழுக்க யாரோ ஒரு மூக்குக் கண்ணாடிக்காரர். நான் கடைசி வரியில், அதுவும் 'மாத்திரை போட்டீங்களா' என்று மட்டும். எட்டாவதோடு நின்றவனுக்கும் அது புரியும். யாரம்மா அவர்? சும்மா கேட்கிறேன். பொறாமையெல்லாம் இல்லை.

உன் ரொட்டிக்காரன்

மார்ச் 19

அன்பானவருக்கு,

அவர் லேபில் என் பக்கத்து மேசைக்காரர். ஈஸ்டைப் பச்சையாக மின்ன வைக்கும் ஒரு ஜீனுக்கு முன்னால், நாங்களே வடிவமைத்த ஒரு துண்டை ஒட்டுகிறோம். அந்த ஜீன் எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்வது அதுதான். தம்பி சொன்ன சுவிட்ச் இதுதான், புரோமோட்டர் என்பார்கள். காலக்டோஸ் என்ற சர்க்கரை கொடுத்தால் மட்டும் ஈஸ்ட் பச்சையாக மின்ன வேண்டும். எங்களுடையதோ கொடுக்காதபோதும் மங்கலாக மின்னுகிறது. அதைக் கசிவு என்கிறோம். 'பொறாமையெல்லாம் இல்லை' என்ற உங்கள் வரி மாதிரி.

உங்கள் டாக்டரம்மா

ஏப்ரல் 27

டாக்டரம்மா,

கசிவை அடைத்துவிட்டதாகவும், இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். பேக்கரி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் உன் கடிதத்தில் கண்ணாடிக்காரரைக் காணோம். கடிதத்தில் அவர் வந்தபோது வயிறு எரிந்தது. வராதபோது அடுப்பே அணைந்த மாதிரி இருக்கிறது. நீ ஊருக்கே வந்துவிடேன்.

ரொட்டிக்காரன்

மே 11

அன்பானவருக்கு,

உங்களுக்கு வலிக்குமே என்றுதான் எழுதவில்லை. மத்தியானம் அவரோடுதான் சாப்பிடுகிறேன், சிரிக்கிறேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் உங்களிடம் ஒன்றை மறைக்கப் பழகிவிட்டேனே என்று எனக்கே பயமாக இருக்கிறது. இங்கே இருக்க ஆசை. வேண்டாம் என்றால் வருகிறேன்.

உங்கள் டாக்டரம்மா

மே 26

டாக்டரம்மா,

இரு. முடித்துவிட்டே வா. ஆனால் கண்ணாடிக்காரரைப் பக்கம் பக்கமாக எழுது. அவர் சொல்லி நீ சிரித்த ஜோக்கையும் விடாதே. படித்துவிட்டு அந்த வேகத்தில் பிசைந்தால் மாவு நன்றாகப் பதமாகிறது, முதலாளியே பாராட்டினார். கசியாத சுவிட்செல்லாம் ஈஸ்டோடு இருக்கட்டும், நமக்குள் வேண்டாம்.

மாத்திரை போட்டுவிட்டேன்.

பொறாமையெல்லாம் இல்லாத,
உன் ரொட்டிக்காரன்