ஆடிக்காத்துல வந்த மலைப்புறா

2006 ஆடி 27, சனி

காத்து நிக்கல. கண்ணெல்லாம் மண். காலையில முள்வேலி ஓரம் ஒரு புறா. வீட்டுப் புறா மாதிரி ரெண்டு பங்கு இருக்கும். தலை சாம்பல், முதுகு கருஞ்சிவப்பு. பறக்க முடியாமக் கெடந்துச்சு.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, "கொழம்புக்கு ஆகும்டி. குடு, உரிச்சுத் தாரேன்."

உள்ளயிருந்து எங்க வீட்டுக்காரர், "அதத் தொடாதீக."

பட்டாசு ஆபீஸ்ல வெடிமருந்து பத்திக் கை வெந்ததுல இருந்து, அவுகளா வாயத் தெறந்தது இதான் முதத்தடவ.

ஆடி 28, ஞாயிறு

புறா கோழி கவுக்குற பஞ்சாரத்துக்குள்ள. அரிசி, கம்பு எதையும் சீண்டல. நாளைக்கு ரேஷன்ல மண்ணெண்ணெய் ஊத்துறாங்களாம். சோப்பு இல்ல.

சாயங்காலம் அவுக சொல்லாமக் கெளம்பிட்டாக. ஒரு மாசமா வாசப்படி தாண்டாத மனுசன். எங்க போனாகளோன்னு தெருவுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். கம்மாக்கரையில இருந்து துண்டு நெறைய ஆலம்பழத்தோட வந்தாக! எடது கையால நீட்ட நீட்ட, புறா முழுசு முழுசா முழுங்குது.

"பாரு, மெல்லாமலே உள்ள போகுது." சிரிச்சாக.

நான் அடுப்பங்கரைக்குப் போயிட்டேன். கண்ணு கலங்கிருச்சு.

ஆடி 29, திங்கள்

ஆபீஸ் போர்மேன் வந்தாரு. "கட்டு அவுத்தாச்சுல்ல? சீசன் ஆரம்பிச்சாச்சு, மருந்து கலக்க ஆளு இல்ல. புதன்கிழமை வேன்ல ஏறிக்கோ."

அவுக பஞ்சாரத்தத் தூக்கிப் புறாவுக்குப் பழம் போட்டாக. போகாதீகன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. நான் வெடிக்குச் சுத்துற காகிதக் குழாய்க் கூலிய மட்டும் நம்பி எப்படிப் பொழைக்க? வெளக்கின பாத்திரத்தையே திரும்ப வெளக்குறேன்.

ஆடி 30, செவ்வாய்

சுதந்திர தினம். புறாவக் கூடையில மூடி, ரெண்டு பேரும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். மலையடிவாரம். வனக்காவலர் றெக்கைய விரிச்சுப் பாத்தாரு.

"எலும்பு நல்லாருக்கு, அசதிதான். மலை மேல பழம் தின்னுட்டுக் கெடக்குற புறா இது. காத்து தள்ளிக்கிட்டு வந்திருக்கு. தெறந்து விடுங்க."

மொதல்ல புளியமரத்துல உக்காந்துச்சு. அப்புறம் மலையப் பாத்து ஒரே போக்கு. அவுக அண்ணாந்தபடியே நின்னாக.

"அந்த மருந்து ரூம நெனச்சாலே தூக்கம் வரலடி."

"போகாதீக." சொல்லிட்டேன்.

திரும்புற பஸ்ல கூட்டம். அவுக முன்னால, நான் பின்னால.

ஆடி 31, புதன்

இருட்டோட எந்திரிச்சு சோறு கட்டினேன். ஏன் கட்டினேன்னு தெரியல. வேன் ஹாரன். அவுக சட்டை போடாமலே வாசலுக்குப் போனாக.

"லோடு ஏத்தச் சொல்லுங்க, வாரேன். மருந்து ரூமுக்கு வரமாட்டேன்."

"லோடுக்கு ஆளு இருக்கு. யோசிச்சுச் சொல்லு." போர்மேன் சொல்ல, வேன் போயிருச்சு.

அவுக உள்ள வந்து கால் கழுவி உக்காந்தாக. "பசிக்குது."

மத்தியானத்துக்குக் கட்டின சோறு. ரெண்டு பேரும் அப்பவே தின்னு முடிச்சோம்.