புதினாத் தண்ணீரும் உங்கள் கேஸும்

அடுப்பில் புதினாத் தண்ணீர் கொதிக்கிறது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டுக்குள் ஒரு புதினா இலையைக்கூட நான் விட்டதில்லை. இன்று நானே வாங்கிவந்து கொதிக்க வைத்திருக்கிறேன். வாசனை கிளம்பியதும் உங்கள்மேல் வந்த கோபம் இருக்கிறதே, நேரில் இருந்திருந்தால் தொலைந்திருப்பீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பச்சை இலையோடுதான் குடித்தனம். எனக்குத் தலைவலி என்றால் நெற்றியில் பெப்பர்மின்ட் எண்ணெய். சளி என்றால் அதையே வெந்நீரில் விட்டு ஆவி. வயிறு உப்பினால் புதினாவும் சீரகமும். துவையலை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அடுப்பை அணைத்த பிறகுதான் இலையைப் போடுவீர்கள், கறுக்கவே கறுக்காது. அந்த ருசியில் மயங்கித்தான் உங்கள் வைத்தியத்தையும் நம்பித் தொலைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பனியன் நனைந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கேப் போடறேன், கிளம்புங்க" என்றேன்.

"சும்மா இருடி. நேத்து தின்ன பிரியாணி. கேஸ்தான்."

"கை வலிக்குதுன்னீங்களே?"

"கேஸ் கைக்கும் போகும். புதினாத் தண்ணி வை."

வைத்தேன். குடித்தீர்கள். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, "பாத்தியா, போச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். என்ன திமிர் அந்தச் சிரிப்பில்! அரைமணி நேரத்தில் சுருண்டு விழுந்தீர்கள். கேப் பொம்மனஹள்ளி சிக்னலைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய வைத்தியர்!

இன்று மத்தியானம், எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் சாப்பிட்டு எழுந்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் உங்களை மாதிரி இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி, ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு அந்த டாக்டர் பெண் சொன்னாள்: "ஹார்ட் நல்லா இருக்கும்மா. வெறும் கேஸ்தான்."

"இன்னொரு தடவை பாருங்க" என்று சண்டை போட்டேன். பார்த்தாள். கேஸேதான். "வீட்டுக்குப் போய்ப் புதினாத் தண்ணி குடிங்க" என்றாள். அவள் முன்னாலேயே ஓவென்று அழுதேன். பாவம், பயந்துபோனாள்.

எனக்கு வந்த இந்தப் பாழாய்ப்போன கேஸ் அன்றைக்கு உங்களுக்கு வந்திருக்கக் கூடாதா?

இப்போதுதான் குடித்து முடித்தேன். ஏப்பம் வந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது, கோபம் அப்படியே இருக்கிறது. திரும்பிப் பார்க்கிறேன், "பாத்தியா, போச்சு" என்று சொல்ல நீங்கள் இல்லை.