பதினான்கு வீடுகள் உள்ள பூங்கா

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் தெரு பூங்காவாகிவிட்டது. இன்று காலை பத்தே முக்காலுக்குத்தான் பார்த்தேன். ஆக்கியவள் நான்.

நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் வரைபடம் போடும் வேலை எனக்கு. ஊரின் புதிய மண்டல வரைபடம் நேற்று வரவேற்புக் கூடத்துச் சுவரில் ஏறியது. மஞ்சள் என்றால் வீடு, சிவப்பு என்றால் கடை, ஊதா என்றால் பட்டறை, பச்சை என்றால் பூங்காவும் மைதானமும். என் கைவேலையைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், மைதானத்துப் பச்சை தெற்கு மூலையில் வழிந்து எங்கள் சந்து முழுக்கப் பரவியிருக்கிறது. பதினான்கு வீடு. ஒன்பதாம் எண்ணில் நான், என் கணவர், என் மாமனார். மூவரும் இப்போது சட்டப்படி புல்வெளியில் குடியிருக்கிறோம்.

காரணம் அற்பம். கணினியில் ஒரு எல்லைக்குள் நிறத்தைத் தட்டினால் அந்த எல்லை முழுக்க நிரம்பும். எல்லைக் கோடு எங்காவது மயிரிழை திறந்திருந்தால் அடுத்த எல்லைக்குள் ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் நிறம். ஊர் முழுக்க அப்படித்தான் பார்த்தேன். எங்கள் தெருவை மட்டும் பார்க்கவில்லை. நம்ம தெருதானே, நமக்குத் தெரியாததா என்று.

எங்கள் பிரிவு அதிகாரி மேடத்திடம் சொல்லவில்லை. நாளை சொல்வேன்.

மார்ச் 4

சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

விதியை மூன்று முறை படித்துவிட்டேன். சுவரில் ஏறிய வரைபடத்தை இனி நாங்களாகத் தொட முடியாது. பொதுமக்களில் யாராவது முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால்தான் திருத்தலாம். பிரிவு ஊழியர்கள் கொடுக்கக் கூடாது. ஒருவரும் கொடுக்காவிட்டால் பச்சை பச்சைதான், பத்து வருஷத்துக்கு. இருக்கிற வீட்டை இடிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு செங்கல் கூட்டிக் கட்ட அனுமதி கிடையாது.

மேடத்திடம் போய்ச் சொன்னாலும் ஒரு மனு வேண்டும். அப்படியிருக்க எதற்குச் சொல்ல வேண்டும்? மனு தானாக வந்துவிட்டால், 'ஐயோ, எப்படி ஆச்சு இது!' என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் வாயில் கைவைத்துக்கொள்ளலாமே. பதவி உயர்வுப் பட்டியல் ஏப்ரலில் வருகிறது. பதினொரு வருஷமாக என் பெயர் அதில் ஏறுவதற்குக் காத்திருக்கிறேன்.

எழுதிப் பார்த்தால் கேவலமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தையலக்கா சுடச்சுட டீயோடு வந்தார். ஒரு பழைய காலண்டர் தாளும் கையில்.

"ஒரு ரூம் வரைஞ்சு குடும்மா. பின்பக்கம், தரையோட. யூனிபார்ம் ஆர்டர் முடிஞ்சதும் உங்க ஆபீஸ்ல எழுதிப் போட்டுடறேன்."

அக்காவின் கணவர் பஸ் டிரைவர். நவம்பரில் டிப்போவில் விழுந்து இடுப்பு முறிந்தது. கீழே தையல் கடை, மேலே வீடு. அன்று அவரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், இன்றுவரை மாடியிலேயே இருக்கிறார். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போக நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் இறக்குவார்கள். போன மாதம் அவர் இறங்க மாட்டேன் என்றுவிட்டார். "நான் பஸ் ஓட்டின ஆளு, மூட்டை இல்ல" என்று சொன்னாராம்.

வரைந்து கொடுத்தேன். பத்துக்குப் பன்னிரண்டு. வாக்கர் நுழைய அகலமான கதவு, படியில்லாமல் ஒரு சாய்தளம். அக்கா அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார். அந்த அறையைக் கட்ட முடியாது என்று இந்த ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அதை வரைந்து கொடுத்திருக்கிறேன். டீயையும் குடித்துவிட்டு.

மார்ச் 11, புதன்

ஊரில் மனு எழுதுவதற்கென்றே பிறந்த ஒரு மனிதர் என் வீட்டிலேயே இருக்கிறார். என் மாமனார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றதும் ஊரைத் திருத்த ஆரம்பித்தார். பெஞ்சு திரும்பியிருக்கும் திசைக்கு ஒரு மனு, குப்பை வண்டி மணியோசைக்கு ஒரு மனு. ஜனவரியில் எங்கள் அலுவலகக் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கியிருப்பதாக ஒன்று. மேடம் அதை எல்லார் முன்னாலும் வாசித்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "இனிமே ஒரு மனு எழுதினீங்கன்னா நான் வேலையையே விட்டுடுவேன் மாமா!"

அன்றோடு நிறுத்திவிட்டார். சிகரெட்டை விட்டவர் மாதிரி நாள் கணக்கு வைத்திருக்கிறார்.

இன்று சாப்பிடும்போது நைசாக ஆரம்பித்தேன். "மாமா, ஆபீஸ்ல புது மேப் மாட்டியிருக்கோம். சும்மா ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"வேண்டாம்மா. பார்த்தா கண்ணுல ஏதாவது படும். பட்டா கை அரிக்கும்."

"கண்ணுல பட்டா எழுதுங்களேன், என்ன இப்போ?"

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்னைச் சோதிக்கிறியா? ஐம்பத்தேழு நாள் ஆச்சு. நான் எழுத மாட்டேன்."

என் கணவர் வேறு, "அப்பா எப்படி மாறிட்டார் பாரு" என்று மெச்சிக்கொள்கிறார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்ச் 14, சனி

தெருமுனை இஸ்திரிக்காரரிடம், "அண்ணே, மேப்ல நம்ம தெரு எப்படி வந்திருக்குன்னு போய்ப் பாருங்க" என்று முந்தாநாள் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். போய்ப் பார்த்திருக்கிறார்.

"பார்த்தேன்மா. நல்லா பச்சைப்பசேல்னு, குளுகுளுன்னு இருக்கு. மத்த தெருவெல்லாம் காமாலை வந்த மாதிரி மஞ்சளா இருக்கு."

மார்ச் 17, செவ்வாய்

விபரீதம். 'நம்ம தெருவுக்குப் பார்க் வருது' என்று சந்து முழுக்கப் பேச்சு. இஸ்திரிக்காரரின் உபயம். எங்கே வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊஞ்சல் எங்கே போடலாம், நடைபாதை எப்படிப் போகலாம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு வாசலில் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். செயலாளர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் அவருடைய சொந்த சமையலறை இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

முதல் மனு வந்தே விட்டது. சங்கச் செயலாளரின் கையெழுத்து, முத்திரை, எல்லாம் பக்கா. மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "எங்கள் தெருவைப் பூங்காவாக அறிவித்தமைக்குக் குடியிருப்போர் அனைவரின் சார்பிலும் மனமார்ந்த நன்றி."

"பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல முதல் நன்றிக் கடிதம்" என்று மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இது உங்க தெருதானே? ரொம்ப நல்ல ஜனங்கம்மா!"

நானும் ஈயென்று இளித்தேன். பதிவேட்டில் 'ஆதரவு' என்று ஏற்றியதும் நான்தான். இனி யாராவது ஆட்சேபித்தாலும், தெருவே கேட்டுத்தானே வாங்கியது என்பார்கள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 25, புதன்

சொல்லிவிட்டேன்.

மாலையில் தையலக்கா கூப்பிட்டார். மாடிக்கே வா, அவரும் பார்க்கணும்னு சொல்றார் என்று. போனேன். ஜன்னலோரக் கட்டிலில் டிரைவர் அண்ணன். அந்த ஜன்னலிலிருந்து தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. வேறொன்றும் இல்லை. என் வரைபடத் தாளைக் கட்டிலுக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

"கதவை இந்தப் பக்கம் மாத்தி வைக்க முடியுமாம்மா?" என்றார் அண்ணன். "பார்க் வருதாமே. கதவைத் திறந்தா நேரா பார்க்குக்குள்ள போயிடலாம்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கடவுளே, அப்படி ஒரு சந்தோஷம். பூசி மெழுக வாய் திறந்தேன், வந்தது வேறு. "பார்க் வரலண்ணே. இந்த வீடுதான் பார்க். நான் தப்பா கலர் அடிச்சுட்டேன். இப்படியே விட்டா ரூம் கட்டவே முடியாது."

அக்கா கையிலிருந்த ஊசியைப் ஊசி குத்தி வைக்கும் துணித் திண்டில் மெதுவாகச் செருகினார். "எப்போ தெரியும் உனக்கு?"

"மூணாம் தேதி."

"எட்டாம் தேதி ரூம் வரைஞ்சு குடுத்தியே?"

"ஆமாம்க்கா."

"நான் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டு."

தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா அழவில்லை, கத்தவில்லை. மாடியில் வைத்திருக்கும் தையல் இயந்திரத்து முன்னால் போய் உட்கார்ந்து ஒரு சட்டைக் கையைத் தைக்கத் தொடங்கினார். கத்தியிருக்கலாம். அண்ணன்தான் பேசினார். "ரிவர்ஸ் எடுக்கும்போது எல்லாரும் ஒரு தடவை இடிப்பாங்கம்மா. இடிச்சதும் இறங்கிப் பார்க்கணும். நீ இருபது நாள் சீட்லயே உட்கார்ந்திருந்திருக்கே."

வீட்டுக்கு வந்து மாமாவிடமும் சொன்னேன், ஒன்று விடாமல். கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்கதான் எழுதித் தரணும்" என்றேன். அவர் எழுந்துபோய்ப் பேனாவுக்கு மை நிரப்பினார்.

மார்ச் 26, வியாழன்

மாமாவின் ஆட்சேபணை ஒன்பது பக்கம். எங்கள் அலுவலகக் கடிகாரம் ஆறாம் பக்கத்தில் வருகிறது. ஒரே பக்கம் போதும் என்று மன்றாடினேன். "எழுபத்திரண்டு நாள் பட்டினி கிடந்தவன்கிட்ட ஒரு வாய் போதும்னு சொல்றியேம்மா" என்கிறார். கடைசியில் ஒன்றரைப் பக்கத்துக்கு இறங்கி வந்தார்.

காலையில் மேடத்தின் அறைக்குப் போய் நானே சொன்னேன். அவர் நன்றிக் கடிதம் இருக்கும் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார். "அதுவும் போச்சா?" என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மார்ச் 31, செவ்வாய்

கடைசி நாள். பதினான்கு வீட்டுக் கையெழுத்தும் சேர்ந்து மூன்று மணிக்கு மனு உள்ளே போய்விட்டது. சங்கச் செயலாளர்தான் முறைத்துக்கொண்டு நின்றார். தான் நன்றி சொன்னதைத் தானே ஆட்சேபிப்பது எப்படி என்று. மாமா அவருக்குத் தனியாக ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்: 'முந்தைய நன்றியை வருத்தத்துடன் திரும்பப் பெறுகிறோம்.'

தையலக்காவும் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்காமல்.

ஏப்ரல் 16, வியாழன்

விசாரணை. எங்கள் தெரு நாலாவதாக வந்தது. மேடம் மனுவைப் படித்துவிட்டு, "நிறம் எப்படி மாறிச்சு?" என்று பொதுவாகக் கேட்டார். அவருக்குத் தெரியும். பதிவுக்காகக் கேட்டார். எழுந்து நின்றேன். "நான்தான் மேடம். எல்லைக்கோடு மூடியிருக்கான்னு பார்க்காம நிரப்பிட்டேன்." கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. காது இரண்டும் சுட்டது.

"கோட்டை மூடாம விட்டது யாரு?" என்று சர்வேயர் பக்கம் திரும்பினார் மேடம்.

சர்வேயர் அலட்டிக்கொள்ளவில்லை. "சுவரே அங்க மூடலை மேடம். தரையில இருக்கறதைத்தானே நான் வரைய முடியும்?"

தெருவே சிரித்தது. மைதானத்துச் சுவரின் தெற்கு மூலை எத்தனையோ வருஷமாக இடிந்து கிடக்கிறது. பஸ்ஸுக்குப் போக அதுதான் குறுக்கு வழி. நானே தினமும் காலையில் பையை முன்னால் பிடித்துக்கொண்டு அதில் நுழைந்துதான் வேலைக்கு வருகிறேன். அந்த இடைவெளி வழியாக வந்துதான் அதே இடைவெளியைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மேடம் விசாரணையை நிறுத்திவிட்டு எல்லாரையும் இடத்துக்கே கூட்டிப்போனார். இடைவெளியில் அவரே நுழைந்து பார்த்தார். கைப்பை சிக்கியது. அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. "இதை அடைச்சா எவ்வளவு சுத்தணும்?"

"பதினேழு நிமிஷம்" என்றார் மாமா. அளந்து வைத்திருக்கிறார், வேறென்ன.

ஏப்ரல் 28, செவ்வாய்

உத்தரவு வந்தது. சந்து முழுக்க மஞ்சள். சுவர் இடிந்த இடம் நாலடிப் பொதுநடைபாதையாக வரைபடத்தில் ஏற வேண்டும். இன்று நானே வரைந்தேன். இந்தத் தடவை பெரிதாக்கி, நாலு மூலையும் பார்த்து.

பதவி உயர்வுப் பட்டியலும் வந்தது. என் பெயர் இல்லை. கூடவே 'இனி கவனமாக இருக்கவும்' என்று ஒரு மெமோ. மாமா வாங்கிப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளி தவறு என்றார். சிரித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பதினொரு வருஷம் கொஞ்சமா?

மே 19, செவ்வாய்

தையலக்காவின் விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்தது. பக்கத்து வீடு என்பதால் நான் தொடக் கூடாது, வேறொருவருக்குப் போனது. உள்ளே இணைத்திருந்தது அந்தக் காலண்டர் தாள்தான். நாலு மூலையிலும் ஒட்டுநாடா உரித்த தடம். வேறு யாரிடமும் புதிதாக வரைந்து வாங்கவில்லை.

மே 30, சனி

அனுமதி கிடைத்துவிட்டது. சாயங்காலம் அக்கா கதவைத் தட்டினார். டம்ளரை என் கையில் திணித்தார். "குடி. சர்க்கரை போடல" என்றார். போடாமல்தான் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்

இன்று பஸ்ஸை விட்டுவிட்டேன்.

கடைசி வீட்டுக்காரர் காலி செய்து போகிறார். சாமான் ஏற்றிய லாரி சந்திலிருந்து பின்னோக்கியே வெளியே வர வேண்டும். ஓட்டுநர் சின்ன வயசு, திணறிக்கொண்டிருந்தார். தையல் கடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "வா... வா... வா... ஸ்டியரிங்கை லெஃப்ட்ல ஒடி. ஒடின்னா ஒடி! வா... வரலாம்..."

டிரைவர் அண்ணன். ஒரு கை வாக்கரில், மறு கை காற்றில். புது அறையின் சாய்தளத்தில் தானாகவே இறங்கித் தெரு நடுவில் நிற்கிறார். "அங்க நிக்காதீங்க, லாரிங்க அது!" என்று உள்ளிருந்து அக்கா கத்துகிறார். அவர் காதில் வாங்கவே இல்லை. லாரியின் பின்பக்கத்தைத் தட்டி, "போதும், நேரா எடு" என்றார். ஒரு சுவரிலும் உரசாமல் லாரி வெளியே வந்தது.

ஓட்டுநர் தலையை நீட்டி, "எத்தனை வருஷ சர்வீஸ்ணே?" என்று கேட்டார்.

"இருபத்தாறு" என்றார் அண்ணன். "நடுவுல பத்து மாசம் மாடியில லீவு."