மேசைமேல் மூன்று மணி நேரம்

நவம்பர் 7, லுண்ட்

மழை. தம்பி எஸ்கில் போய் இருபத்தாறு நாள். ஆய்வகத்துக்கு வந்தேன், வேறெங்கே போவது?

"அங்க என்னதான்டி பண்ற?" என்று காலையில் போனில் அம்மா கேட்டாள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்து, எதிலிருந்து எது பிறந்தது என்று ரத்தத்தின் வம்சமரம் வரைகிறோம் என்றேன். ம்ம் என்றாள்.

செல்களைப் பிரிப்பது நான், கணக்குப் போடுவது மால்டே. இன்று கேக் வாங்கி வந்திருந்தான். சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் நடுவே யாரும் பார்க்காத ஒரு புதுக் கிளை!

"தூருன், பெரிய ஆளாயிட்டோம். கொஞ்சம் சிரியேன்."

வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கட்டுரை போகிறது. அவன் வேலை நீடிப்பது அதில்தான் இருக்கிறது. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 8

புதுக் கிளையின் செல்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. அக்டோபர் 12.

நவம்பர் 9

அன்று மதியம்தான் மால்மோவிலிருந்து அம்மா கூப்பிட்டாள். எஸ்கில் சைக்கிளில் — லாரி. ஜன்னலோரம் நின்றேன். திரும்பி வந்தபோது செல் குழாய்கள் மேசைமேலேயே கிடந்தன, ஐஸில் வைக்காமல். மூன்று மணி நேரம். அப்படியே இயந்திரத்தில் ஏற்றிவிட்டு ரயிலுக்குப் போனேன். ஏன் ஏற்றினேன்? கை செய்தது.

அந்தக் கிளையில் தூக்கலாக இருக்கும் மரபணுக்கள், செல் தவிக்கும்போது விழிப்பவை. புது வம்சம் இல்லை. வெளியே கிடந்த பழைய செல்கள்.

நவம்பர் 10

சொல்லவில்லை.

நவம்பர் 11

சொன்னேன். மால்டே கட்டுரையை அனுப்பத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"மூணு மணி நேரமா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லணும்னே தோணல, மால்டே. எதுவுமே தோணல."

"ஜனவரியோட எனக்கு வேலை முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும்."

கணினியை மூடினான். கத்தியிருந்தால் தேவலை.

நவம்பர் 22

புது மஜ்ஜை வந்தது. பாதி ஐஸில், பாதி, வேண்டுமென்றே, மேசைமேல். மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மால்டே போய்விடுவான் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

"உன் தம்பி எப்படிப்பட்ட ஆளு?"

"கடன்காரன். என் கையுறையெல்லாம் அவன்கிட்டதான் இருக்கும்," என்று ஆரம்பித்தேன். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

டிசம்பர் 8

மேசைமேல் இருந்த பாதியில் மட்டும் கிளை வந்தது. மால்டே அதை மரத்திலிருந்து நீக்கினான். ஜனவரியில் வடக்கே ஊமியோ நகருக்குப் போகிறான், பள்ளியில் பாடம் நடத்த.

திங்கள் முதல் எனக்கு ஒரு மாத விடுப்பு. நானே கேட்டேன். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'தம்பி இறந்துவிட்டான்' என்று எழுதினேன். பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை வாசித்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.