துரை வீட்டுக்குப் போன ஹாம்

இன்று காலை கிள்ளான் கடையில் கிறிஸ்துமஸ் சரக்குப் பெட்டியை உடைத்தோம். மேல்பலகையைப் பெயர்த்ததும் மரத்தூள் கொட்டியது. உள்ளே துணியில் தைத்த ஹாம்கள், உப்பிட்டுப் புகை காட்டிய பன்றித்தொடைகள், சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை, தூங்குகிற பிள்ளைகள் மாதிரி கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் புகைவாடை கையில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டேன், புளி போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அந்த வாடை வந்தால் உம் நினைவு வரும். உம் நினைவு வந்தால் எனக்குக் கோபம் வரும். கடையில் இருவரைக் காரணமில்லாமல் திட்டிவிட்டேன். பாவம் அவர்கள். திட்டு வாங்க வேண்டிய ஆள் நீர், மண்ணுக்குள் நிம்மதியாகப் படுத்திருக்கிறீர்.

அதனால் உமக்கே எழுதுகிறேன். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கமாம். எனக்கு அது வராது. உமக்கும் அது பிடிக்காது.

நான் கப்பல் அடித்தளத்தில் வந்து, மூட்டை தூக்கி, தோட்டத்துப் பங்களாக்களுக்குச் சாமான் சுமந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன். நீர் யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி ஆபீஸில் மேசை போட்டு உட்கார்ந்து கடிதம் எழுதிய கிராணி. நான் அனுப்பிய சரக்கில் ஏதோ குறை என்று நீர் சொல்ல, நான் ரயிலேறி வந்து உம் மேசை முன்னால் நின்று கத்த, நீரும் எழுந்து நின்று கத்த, அப்படித்தான் நாம் பழக்கமானோம். மத்தியானம் காப்பிக்கடைக்கு நீர்தான் கூப்பிட்டீர். "வாரும் முதலாளி, மிச்சத்தை இருந்து கதைப்பம்" என்றீர். அந்த "முதலாளி" அன்று கேலியாக ஒட்டியது. கடைசி வரை உரியவில்லை.

ஹாம் விற்றுப் பிழைத்தேனே தவிர, நான் அதை வாயில் வைத்ததில்லை. என் வீட்டில் பன்றி சேராது. முதல் துண்டு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உம் வீட்டு மேசையில், உம் கையால் தின்றது. வீட்டுக்குப் போனதும் என் மனைவி வாசலிலேயே நிறுத்தித் தலையில் குடம் தண்ணீரைக் கவிழ்த்தாள். அந்தக் கதையைக் கேட்டு, "உமக்கு ஞானஸ்நானம் வீட்டு வாசல்லயே கிடைச்சிட்டுது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்.

அன்று முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், நத்தார் என்பீர் நீர், நான் ஹாமைச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவருவேன். நீர் அதை மண்தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்குவீர். மண்ணெண்ணெய்த் தகரத்தில் அன்னாசித் தோலும் மிளகும் போட்டு, பொங்கவிடாமல் வேகவைப்பீர். தண்ணீர் துள்ளினால் விறகை வெளியே இழுப்பீர். சூடு ஆறுமுன் தோலை உரித்து, வெள்ளைக் கொழுப்பில் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்துவீர். தெருமுனை ரொட்டிக்கடையில் பெரிய அடுப்பு இருந்தது. ஆனால் அது ராவுத்தருடையது, இதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே போகக் கூடாது. அதனால் ஒரு இரும்புப் பீப்பாயை அறுத்து நீரே பின்பக்கத்தில் அடுப்பு செய்திருந்தீர். அடியில் விறகுக்கரி, மூடிமேல் சிரட்டைக்கரி. மலாய்க்காரிகள் பாசாரில் விற்கும் குலா மலாக்கா வெல்லத்தை அன்னாசிச் சாற்றில் கரைத்து, கடுகுத்தூள் சேர்த்துப் பாகு காய்ச்சி, கோழியிறகால் பூசுவீர். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது.

"என்ன கிராணியாரே, அலமாரிக்கு வார்னிஷா அடிக்கிறீர்? பசிக்குது ஐயா."

"அவசரப்பட்டா வெல்லம் கருகிக் கைக்கும். பேசாம இரும் முதலாளி, தின்னேக்க விளங்கும்."

தின்னும்போது விளங்கியது, ஐயா. அதை நான் மறுக்கவில்லை.

பள்ளிச் சம்பளம் கட்ட வழியில்லாமல் பாதிரி வீட்டு அடுக்களையில் பாத்திரம் கழுவி, அங்கேதான் இந்த வித்தையைப் படித்தீர் என்று ஒருநாள் சொன்னீர். "குசினிக்குள்ள இருந்து தப்பி வந்தவன் நான். வருசத்தில ஒருநாள் திரும்பிப் போறன். அதுவும் என்ரை வீட்டுக் குசினிக்கு, என்ரை பிள்ளையளுக்காக." சொன்னவர் நீர். நான் மறக்கவில்லை. மறந்தவர் நீர்தான்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் ஆபீஸில் ஆள் குறைத்தார்கள். இருபது வருஷம் தன் கடிதங்களை எழுதிய உம்மைக் கம்பெனித் துரை கூப்பிட்டு, வருத்தம் தெரிவித்து, கைகுலுக்கி அனுப்பினான். செய்தி கேட்ட அன்றே ரயிலேறி வந்தேன்.

"கிள்ளானுக்கு வாரும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கப்பல்காரன் கடுதாசியில என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கையெழுத்துப் போடுறேன். கடையில மேசை போட்டுத் தரேன். மேல்மாடி சும்மா கிடக்கு, குடும்பத்தோட வந்து இரும்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இருக்கு."

வாசல் வரை வந்த உம் மனைவி, "வருவார் அண்ணை, நீங்க ஒண்டும் நினையாதேங்கோ" என்றாள். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன். மேசைக்கும் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் வந்தது. கடையில் இருந்ததிலேயே பெரிய ஹாமைக் கொண்டுவந்தேன். கஷ்ட காலத்தில் பிள்ளைகள் ஒருநாளாவது வயிறாரத் தின்னட்டும் என்று கொண்டுவந்தேன். வழக்கத்தைவிட ஒரு பூச்சு கூடுதலாகப் பூசினீர். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. உம் மனைவி தட்டு வைத்தாள். பிள்ளைகள் மூன்றும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. நீர் உள்ளே போய் கோட்டும் டையும் போட்டு வந்து, ஹாமை வெள்ளைத் துணியால் மூடினீர்.

"எங்க கிளம்பிட்டீர்?"

"துரையிட்ட. நேர முகத்தைப் பார்த்துக் கேட்டா அவர் மாட்டன் எண்டு சொல்ல மாட்டார்."

உம் மனைவி தாழ்ந்த குரலில், "பிள்ளையளுக்கு ஒரு துண்டு வெட்டிப்போட்டுக் கொண்டுபோங்கோவன்" என்றாள்.

"வெட்டின ஹாமை ஆரும் துரைக்குக் கொண்டுபோவினமோ?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தீர். பிறகு என்னைப் பார்த்து, "ரிக்‌ஷா குலுங்கும். நீர் பிடிச்சுக்கொண்டு வாரும்" என்றீர். நானும் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேலை திரும்பக் கிடைத்தால் சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

பங்களாத் தாழ்வாரத்தில் துரையும் அவன் பெண்சாதியும் விருந்தாளிகளும் கிளாஸும் கையுமாக இருந்தார்கள். நான் படிக்குக் கீழே நின்றேன். நீர் மேலே போய்த் துணியை எடுத்தீர். அந்த அம்மாள் கைதட்டினாள். துரை நின்றபடியே ஒரு துண்டை வெட்டித் தின்றான், மறுபடி வெட்டினான். ஏதோ கேட்டான். நீர் உம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினீர். எல்லோரும் சிரித்தார்கள். ஏளனச் சிரிப்பென்றால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். சற்று நேரம் பேசிவிட்டு வெறும் தட்டோடு இறங்கி வந்தீர்.

ரிக்‌ஷா நகர்ந்ததும், "கிடைச்சிட்டுது முதலாளி" என்றீர்.

"மேசை கிடைச்சிடுச்சா? அப்பாடா!"

"வேலை கிடைச்சிட்டுது."

"என்ன வேலை?"

நீர் டையைச் சரிசெய்தீர். "அவையின்ரை குக்கு, சீனன், ஊருக்குப் போறானாம். வாற மாசத்தில இருந்து நான்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டு சொன்னன்."

நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ரிக்‌ஷாக்காரன் நின்று திரும்பிப் பார்த்தான். நீர் மலாயில் "ஜாலான்" என்றீர், நடந்தான். நான் மறுபடி நிறுத்தினேன். நீர் மறுபடி நடத்தினீர். அவன் வண்டியைக் கீழே வைத்துவிட்டு, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"என் கடையில மேசை போட்டுத் தரேன்னு கெஞ்சினேன், அது கசந்துச்சு. துரை வீட்டு அடுப்பு இனிக்குதோ?"

"சத்தம் போடாதையும். கோயிலால வாற சனம் பார்க்குது."

"பாக்கட்டும்! கிராணியார் கோட்டுப் போட்டுக்கிட்டுக் கோழி உரிக்கப் போறார்னு எல்லாரும் பாக்கட்டும்!"

அப்போதுதான் நீர் அதைச் சொன்னீர், குரலை உயர்த்தாமல். "இப்ப உம்மை முதலாளி எண்டு பகிடிக்குக் கூப்பிடுறன். உம்மட்ட சம்பளம் வாங்கினா அதை மெய்யாக் கூப்பிட வேணும். துரையைத் துரை எண்டு சொல்லிப் பழகிப்போச்சு, அது என்னைக் குத்தாது. உமக்குச் சொல்ல என்ரை நாக்கு வளையாது."

கடைத்தெருவில் என் வாயை அடைத்தவர் யாருமில்லை. அன்று அடைபட்டது. வெறும் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அறிமுகமில்லாதவர்கள் போல வந்து சேர்ந்தோம். உம் மனைவி தட்டைப் பார்த்தாள், பிறகு உம் முகத்தைப் பார்த்தாள், சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். இளையவள் மட்டும், "எலும்பையாவது திருப்பித் தருவினமோ அப்பா, சூப்புக்கு?" என்று கேட்டாள். நான் சாப்பிடாமல் எழுந்து ரயிலுக்குப் போனேன்.

அதன்பின் வெகுநாள் நமக்குள் பேச்சில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்தப் பங்களாவிலிருந்தே ஹாமுக்கு ஆர்டர் வந்தது. ஆள் அனுப்பியிருக்கலாம், நானே கொண்டுவந்தேன். உம்மைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான். குசினி வாசலில் வெள்ளை உடுப்போடு வந்து நின்றீர். சுகமா என்று ஒரு சொல் கிடையாது. எலும்போரம் ஒரு கம்பியைச் செருகி இழுத்து முகர்ந்தீர்.

"பழுதாப் போச்சு. கொண்டுபோம்."

"நேத்துப் பெட்டி உடைச்ச சரக்கு! என்ன பழுது?"

"மூக்கு இருக்கோ? மணந்து பாரும்."

முகர்ந்தேன். லேசான புளிப்பு. நீர் சொன்னது சரி. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? நான் கத்தினேன், நீர் கத்தினீர். முதல் சண்டையைப் போலவே கத்தினோம். உம் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. எனக்கும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. விரலை என் மூக்குக்கு நேரே நீட்டி, "உமக்கு ஒண்டு சொல்லுறன் முதலாளி, நீர் ஒரு..." என்று தொடங்கினீர்.

உள்ளே மணி அடித்தது. மேசையில் வைத்து அடிக்கும் சின்ன மணி.

நீர் பாதிச் சொல்லில் நின்றீர். முகத்தைத் துடைத்தீர், சட்டையை இழுத்துவிட்டீர், தோளைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போனீர். நான் காத்திருந்தேன். நீர் திரும்பி வரவில்லை. வேறு ஹாம் அனுப்பிவைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றிப் போய்விட்டீர். அடக்கத்துக்குத் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். உம் மனைவியிடம் ஏதோ சொன்னான். மூத்தவள் எனக்குச் சொன்னாள்: இவரைப் போல ஒரு குக் தனக்குக் கிடைத்ததில்லையாம். இருபது வருஷம் நீர் எழுதிய எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை? இல்லை. நான் அவனை நோக்கி நடந்தேன். உம் மனைவிதான், "அண்ணை, இப்ப வேண்டாம்" என்று தடுத்தாள்.

அவளும் பிள்ளைகளும் இப்போது என் மேல்மாடியில்தான் இருக்கிறார்கள். கூப்பிட்டேன், வாடகை எவ்வளவு என்று கேட்டாள், வந்தாள். விஷயம் அவ்வளவுதான் ஐயா. மூத்தவள் கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறாள். என்னிடம் சம்பளம் வாங்குகிறாள். போன வாரம், நான் சொன்னபடி எழுதினால் கப்பல்காரன் சிரிப்பான் என்று கடை நடுவில் நின்று என்மேல் சத்தம் போட்டாள். அவள் நாக்கு எங்கேயும் வளையவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், ரிக்‌ஷாவில் எனக்கு வராத பதில் வந்தது.

அதைக் கேட்டுக்கொள்ளும். துரை உமக்குச் சம்பளம் தந்தான், புகழும் தந்தான். அவன்மேல் கோபப்பட இடம் தந்தானா? என் கடைக்கு வந்திருந்தால் நாள் முழுக்க என்மேல் கோபப்பட்டிருக்கலாம். மேசையைத் தட்டியிருக்கலாம், சரக்கைத் திருப்பி எறிந்திருக்கலாம், தெருவே கூடும்படி என்னைத் திட்டியிருக்கலாம். நடுவில் மணி அடிக்க என் கடையில் யாருமில்லை. கையில் கிடைத்ததை விட்டுவிட்டுப் போனீர். அதற்காகத்தான் எரிகிறேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? விற்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது.

நீர் விட்டுப்போன பாதிச் சொல்லும் என்னிடம்தான் கிடக்கிறது. கடை சாத்தும்போது, ரயிலில், கோயில் வரிசையில் நிற்கும்போதுகூட, அதற்கு ஒவ்வொரு வாலாக ஒட்டிப் பார்க்கிறேன். முட்டாளா? கள்ளனா? வேறேதாவதா?

நான் ஒரு என்ன ஐயா? சொல்லித் தொலையும்.