சாமி முன்னால் இறங்கினார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன், என் கையாலேயே. நானும் உன் அம்மாவும் திடமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுந்ததும் நினைத்துக்கொண்டுதான் முகம் கழுவுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல உனக்கு எழுதியவர் நம் பாதிரியார் சாமிதான். அவருக்குக் கண் மங்கியதும் நான் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். போன வாரம் உன் பழைய பதில் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தேன், சளிக்கு ஆவி பிடிக்கச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தாய். நான் அப்படிச் சொல்லவே இல்லையே அம்மா. சாமியைக் கேட்டால், நீ மறந்துட்டே, நான் சேத்துக்கிட்டேன் என்கிறார், கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லாமல்.

உன் அறையை அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, இதுக்கெல்லாமாப்பா கேப்பீங்க, முதல்ல கூட்டிட்டு வாங்க என்றாயே, அந்தச் சொல் எனக்குப் போதும். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்போதே உன் அறையைக் கூட்டப் போய்விட்டேன். கோயிலை ஒட்டிய அந்த மாடி அறையில் அவரை இனியும் விட்டிருந்தால் என்றைக்காவது படியில் உருண்டிருப்பார். செங்குத்தான மரப்படி, கைப்பிடியும் ஆட்டம், ஏற்கெனவே விழுந்து நெற்றியில் தையல் போட்டாயிற்று. புதிதாக வந்திருக்கும் இளம் பாதிரியார் தங்கமான பிள்ளை, ஆனால் அங்கே கீழே கட்டில் போட இடமே இல்லை.

அவர் மலை ஏறிய கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வடக்கே பனிமலைகளுக்கு நம் பக்கம் யாருமே போகாத காலத்தில், கம்பளிக் கோட்டும் ஆணி அடித்த பூட்சும் சணல் கயிறுமாகப் போனவர் அவர். நான் அவருக்கு மூட்டை சுமந்தவன். யாரும் தொடாத ஒரு உச்சி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே என் கால் மரத்து, விரல்கள் கறுத்துவிட்டன. உச்சியை ஒரு தடவை பார்த்தார், என்னைக் கயிற்றில் கட்டி முன்னால் இறக்கியும் முதுகில் சுமந்தும் திரும்பிவிட்டார். அடுத்த வாரமே வேறு ஒரு கூட்டம் ஏறிப் பேர் வாங்கிக்கொண்டது. மலையையே தூக்கிட்டு வருவார்னு பாத்தா மூட்டைக்காரனைத் தூக்கிட்டு வந்திருக்கார் என்று ஊரே சிரித்தது. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், யாரும் இல்லாதவர், இவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் மூச்சு அடங்கும்வரை இவர் நகரவில்லை. அடுத்த மலைக்குக் கயிறு வாங்கிவருகிறேன் என்று கிளம்பியவர், பாதிரியாருக்குப் படிக்க நேராகக் குருமடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். உச்சியை விட்ட ஏக்கமா என்று யாராவது கேட்டால், ஏக்கம் வேற, இந்த வேலை வேற என்பார், அதற்கு மேல் பேசமாட்டார்.

நேற்று நானும் அம்மாவும் அழைத்துவரப் போனோம். பெட்டியெல்லாம் கீழே இறங்கிவிட்டது, அவர் மட்டும் மேலே படி வாசலில் நின்றுகொண்டு அசையவில்லை. நமக்குப் பாரமாகிவிடுவோம் என்று யோசிக்கிறார் போல என்று நினைத்து, உங்க வீடு மாதிரி சாமி என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் எப்படா வரலைன்னேன், நீ முன்னால இறங்கு என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலையில் இறங்கும்போது பலசாலிதான் கடைசியில் வரவேண்டும், முன்னால் போகிறவன் சறுக்கினால் மேலே இருந்து கயிற்றைப் பிடிக்க. அவர் ஆயுளில் ஒரு தடவைகூட முன்னால் இறங்கியதில்லை. கீழே இருந்து உன் அம்மா, ரெண்டு கிழங்களும் அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா என்று கத்துகிறாள். நான் பயந்துகொண்டே, சாமி, இன்னிக்குப் பலசாலி நான் என்றேன். விரல் இல்லாத என் காலைப் பார்த்தார். இந்தக் காலை வச்சுக்கிட்டாடா என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு படுக்கை விரிப்பை முறுக்கி அவர் இடுப்பில் கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்து, கெட்டியாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் இறங்கினார். நடுவில் ஒரு படியில் கால் வழுக்கியது. பிடித்துக்கொண்டேன் அம்மா. விடவில்லை.

இப்போது உன் அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார், அம்மா அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொள்கிறாள். அன்று எனக்குப் பின்னால் அவர் நின்றார், அதனால்தான் எனக்கு உன் அம்மாவும் நீயும் கிடைத்தீர்கள். நேற்று அவருக்குப் பின்னால் நிற்க எனக்கு இடம் கொடுத்தவள் நீ. உனக்கு ஒரு குறையும் வராது.

மாப்பிள்ளை வண்டியை வேகமாக ஓட்டுகிறாராம், நான் சொன்னேன் என்று சொல். லீவுக்கு வரும்போது கனத்த போர்வை ஒன்று வாங்கி வா, சாமிக்குக் குளிர் தாங்கவில்லை, பனியில் படுத்து எழுந்தவருக்கு! மூன்று பேருக்கும் எங்கள் மூன்று பேரின் ஆசி.

இப்படிக்கு,
உன் அப்பா