ஹீட் மீட்டருக்குக் கட்டிய டார்ச்

உன் டார்ச் இப்போது என் மேசையில் கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். அதைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்திருக்கிறாய். வெயிலில் வெந்து பிசுபிசுத்துப்போன அந்த டேப்பின் வாடை கடை முழுக்க அடிக்கிறது. வாடை எனக்கொன்றும் புதிதில்லை. கோவில்பட்டியில் ஆட்டோ எலக்ட்ரீசியனாகக் கடை போட்ட நாளிலிருந்து அந்த வாடையில்தான் சோறு தின்கிறேன். ஆனால் இரண்டு நாளாக அது மூக்கில் ஏறும்போதெல்லாம் உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. உலுக்குவதற்கு நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் மகள் ஜீப்பைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள். நாகலாபுரத்திலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நீ போன பிறகு நிலத்தை அவள்தான் பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஜீப்பையும் அவள்தான் ஓட்டுகிறாள் என்று எனக்குத் தெரியாது. இறங்கியவள், நின்றபடியே சொன்னாள்.

"மாமா, மீட்டர்ல லைட்டு மங்கலா எரியுது. வேலையாளுவள எறக்கி விட்டுட்டுத் திரும்பங்குள்ள பொழுதடைஞ்சிருது. முள்ளு எங்கன நிக்குன்னே தெரியல. பாத்துத் தாரீங்களா?"

நீ சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அதைக் கேட்டு நான் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். நான் மாட்டிக் கொடுத்த மூன்று மீட்டர்களும் வரிசையாக இருந்தன: ஹீட், ஆயில், பேட்டரி. ஸ்டியரிங் குழாயில் ஏதோ கட்டியிருந்தது கையில் தட்டுப்பட்டது. டார்ச். அதன் மூஞ்சி நேராக ஹீட் மீட்டரைப் பார்த்து இருந்தது.

"இது என்னத்துக்கு?" என்றேன்.

"அப்பா கட்டுனதுதான் மாமா. இருட்டுனதும் அத அமுக்கிக்கிட்டேதான் முள்ளப் பாப்பாவ."

எத்தனை நாளாக என்று கேட்டேன். இன்ஜின் போனதிலிருந்தே என்றாள். அதாவது, நீ போகிறவரைக்கும் இரண்டு வருஷம். பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு தடவை என் கடை வாசல் வழியாகத்தான் போவாய். தலையைத் திருப்பாமல் போவாய். கடைக்குள் நான் உட்கார்ந்திருக்க, நான் போட்ட மீட்டருக்கு நீ டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய். இதைவிட ஒருவனைக் கேவலப்படுத்த முடியுமா?

அந்த மீட்டர்களை மாட்டச் சொன்னதே நான்தான். ஜீப்போடு வந்த மீட்டர் செத்துக் கிடந்தது. மழை பெய்த கரிசலில் முதல் கியரில் முக்கிக்கொண்டு போகிற வண்டியை, சூடு எவ்வளவு என்று தெரியாமல் ஓட்டாதே என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. கடைசியில் ஆயுதபூஜைக்கு முதல் நாள் வந்து நின்றாய். கடை முன்னால் அன்றைக்குப் பதினைந்து வண்டி. நீயோ ஜீப்புக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, ஈரம் காய்ந்தும் காயாமலும் ஓட்டி வந்திருந்தாய். நான் ஸ்க்ரூ முறுக்க முறுக்க என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏலே, பெயின்ட்டுல கீறல் விழுந்துராம. நாளைக்குப் பூசைலே" என்று உயிரை வாங்கினாய். வேலை முடிந்து சுவிட்சைப் போட்டதும் மூன்று மீட்டரும் பளிச்சென்று எரிந்தன. உன் முகத்தைப் பார்த்தேன். புதுச்சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தாய்.

மறுநாள் பூஜையில் நீ ஸ்டியரிங்குக்கும் பானட்டுக்கும் சந்தனம் வைத்ததோடு நிற்கவில்லை. புதிதாக வந்தவர்களை விட்டுவிடக் கூடாது என்று மூன்று மீட்டர் கண்ணாடிக்கும் மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தாய். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது என்று அது பாட்டுக்குக் காய்ந்து கிடந்தது. அடுத்த வருஷப் பூஜைக்கு அதற்கு மேலேயே இன்னொரு பட்டை.

அந்த இரண்டாவது பூஜை முடிந்த வாரத்தில்தான் வினை. உன் மச்சினன் குடும்பத்துக்குக் கோட்டையைக் காட்டப் பாஞ்சாலங்குறிச்சி போயிருந்தாய். திரும்பும்போது பொழுதடைந்துவிட்டது. ஃபேன் பெல்ட் அறுந்து, தண்ணீர் கொதித்து, முள் சிவப்புக்குப் போய் நின்றிருக்கிறது. நீ பார்க்கவில்லை. இன்ஜின் இறுகி நின்ற பிறகுதான் வண்டியை விட்டு இறங்கினாய். மறுநாள் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாய்.

"ஏலே, ஒன் லைட்டு மங்கிப் போச்சுலே. முள்ளு எங்கன நிக்குன்னே தெரியல" என்றாய். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கடை பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். டயர்க்கடை அண்ணாச்சியும் இருந்தார். நாலு பேர் முன்னால் என் வேலையைக் குறை சொல்லிவிட்டாய் என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் மஞ்சளாகச் சந்தனம் அப்பியிருந்தது. போதாதா எனக்கு? மீட்டரைக் கழற்றிப் பார்க்கவில்லை, ஒரு வயரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"மீட்டருக்குச் சந்தனக்காப்பு சாத்திட்டு முள்ளு தெரியலங்கியே, எப்படிலே தெரியும்? கோயில்ல திரைய வெலக்குத மாதிரி யாராவது வந்து வெலக்கணுமா?" என்றேன்.

பெஞ்சு வெடித்துச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, மூன்று கண்ணாடியையும் துடைத்தாய். சாமிக்கு வைத்ததை உன் கையாலேயே துடைத்தாய். பிறகு டிராக்டர்காரனைக் கூப்பிட்டு, "வேற எடத்துக்கு விடு" என்றாய். அதுதான் நான் கேட்ட உன் கடைசிப் பேச்சு.

அன்று சாயங்காலமே உனக்குப் பேர் விழுந்துவிட்டது. சந்தனக்காப்பு. கடைத்தெருவில் அந்தப் பேர், மில் வாசலில் அந்தப் பேர், உன் ஊர் வரைக்கும் அந்தப் பேர். வைத்தவன் நான். யாராவது அதைச் சொல்லிச் சிரிக்கும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது, சொன்னால் என்ன. உனக்கு மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று தெரிந்தபோதும், 'அவன்தானே முறைத்துக்கொண்டு போனான், அவனே பேசட்டும்' என்று உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்கு நீ வீடு திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் பார்த்தேன். உன் போட்டோ, உன் பேர், பேருக்குக் கீழே அடைப்புக்குள் 'சந்தனக்காப்பு'. அப்படிப் போட்டால்தான் ஊருக்கு ஆள் தெரியும் என்று உன் ஊர் இளவட்டங்கள் போட்டிருக்கிறார்கள். செத்தும் உன்னை விடவில்லை என் வாய்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கண்ணாடி மூன்றும் சுத்தமாக இருந்தன. பழைய பிசிறுகூட இல்லை. பூஜைக்குச் சந்தனம் வைக்கவில்லையா என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் அப்பா மீட்டர்ல ஒரு பொட்டு வைக்க விட்டதில்ல மாமா. பானட்டோட சரி" என்றாள்.

கண்ணாடி சுத்தம். லைட் மட்டும் மங்கல். பல்பைக் கழற்றிப் பார்த்தேன், நல்ல பல்பு. வரும் கரண்டைப் பார்த்தேன், குறையே இல்லை. பிறகுதான் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். பல்புக்குக் கரண்ட் வந்தால் மட்டும் போதாது, அது திரும்பிப் போகவும் வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். வயர் நுனியை வண்டியின் வெறும் இரும்போடு சேர்த்து முறுக்க வேண்டும். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஸ்க்ரூவைக் கழற்றினேன். அதற்கடியில் உன் பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது, அடித்த அன்றைக்கு இருந்த மாதிரி. நான் சுரண்டவே இல்லை. ஸ்க்ரூவின் மரை இரும்பைத் தொட்ட கொஞ்சத்தில்தான் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதிலும் துரு ஏறியதும் லைட் மங்கியிருக்கிறது.

கீறல் விழுந்துராம என்று நீ சொன்னாய்தான். அதனால் நான் சுரண்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் பொய். சுரண்ட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு நினைவிலேயே இல்லை. பதினைந்து வண்டி காத்துக்கிடந்தது.

காசு அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளத்ததும் வயரை வைத்துப் புது ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வண்டியைக் கடைக்குள் தள்ளி, இருட்டுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன். மூன்று மீட்டரும் முதல் நாள் மாதிரி எரிந்தன.

உன் மகள் லைட்டைப் பார்த்தாள், என் உள்ளங்கையில் இருந்த பழைய ஸ்க்ரூவைப் பார்த்தாள். "அப்ப எர்த்துதானா மாமா? வெளாத்திகுளத்துல ஒரு எலக்ட்ரீசியன் அப்பவே சொன்னாரு, எர்த் சரியில்லன்னு. அவரு சுரண்டப் போனாரு, அப்பா தொட விடல. 'போட்டவந்தான் தொடணும்'னுட்டாவ."

கேட்டாயா? உனக்குத் தெரிந்திருக்கிறது! தப்பு என் பேரில்தான் என்று தெரிந்துகொண்டு, ஊர் முழுக்கச் சந்தனக்காப்பு சந்தனக்காப்பு என்று கூப்பிட, வாயைத் திறக்காமல் டார்ச் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாய். இதற்குப் பேர் என்ன? பொறுமையா? திமிர். நான் வந்து கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்த திமிர். எனக்கு இருந்த அதே திமிர்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. "வருச நெனவு வருது மாமா. போஸ்டர் அடிக்கணும். அந்தப் பேரப் போட்டாத்தான் ஆளு தெரியும்ங்காவ. அப்பாவுக்கு அந்தப் பேரக் கேட்டாலே சாப்பாடு எறங்காது." பிறகு, "நெசமாவே சந்தனத்தாலதான் இன்ஜின் போச்சா மாமா?" என்றாள்.

துரு இப்போது ஏறியது தாயி, அன்றைக்குச் சந்தனம்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பெஞ்சில் டயர்க்கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முதலில் சிரித்தவர்.

"சந்தனத்தால இல்ல தாயி. நான் எர்த்த ஒழுங்காக் குடுக்கல. ஒங்கப்பா மேல ஒரு தப்பும் கெடையாது" என்றேன். அண்ணாச்சிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்வே, செத்துப்போன சேக்காளிக்காவ பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிடுதீரு. பெரிய மனசுவே ஒமக்கு!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பானரை வீசியிருப்பேன். உண்மையைச் சொன்னாலும் புகழ் எனக்கு, பழி உனக்கா? கடையில் சாமி படத்துக்குக் கீழே சந்தனக் கிண்ணம் இருந்தது. எடுத்துவந்து, நீ இழுக்கிற மாதிரியே மூன்று விரலால் மூன்று கண்ணாடியிலும் பட்டை இழுத்தேன். நடுவில் குங்குமம் வைத்தேன். "எந்திச்சு வாரும்வே இங்கன! வந்து பாரும்!" என்று கத்தினேன். கத்திய கத்தலில் அண்ணாச்சி எழுந்து வந்தார். சுவிட்சைப் போட்டேன்.

சந்தனத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தது. முள் நிற்கிற இடம் துல்லியமாகத் தெரிந்தது.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "தெரியத்தான் செய்யுது" என்றார். பிறகு, "அப்ப அவன் பாவம்லாவே" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் கடைக்குப் போனார். நேற்றிலிருந்து அவர் கடைக்கு டயர் மாற்ற வருகிறவனிடமெல்லாம் அவரே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பேர் இப்போது கொஞ்சம் நாறுகிறது. நாறட்டும்.

உன் மகள் கண்ணாடியைத் துடைக்கவில்லை. "இருக்கட்டும் மாமா, மூணு வருசமா வைக்காதது" என்றாள். போஸ்டரில் அந்தப் பேர் வேண்டாம், உன் பேர் மட்டும் போதும் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டுப் போவதாகச் சொன்னாள். ஸ்டியரிங் குழாயிலிருந்து டார்ச்சைப் பிரித்தெடுத்து, "இனி இது எதுக்கு" என்று என் மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். நல்லா ஓட்டுகிறாள். உன்னைவிட நல்லா ஓட்டுகிறாள்.

அந்த ஸ்க்ரூவையும் டார்ச்சோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பச்சைப் பெயின்ட் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது. எர்த் கொடுக்கும்போதெல்லாம் முதலில் அதைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி படுத்தால் உன்னை வைகிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், வண்டியை நிறுத்தி, "ஏலே, தப்பு ஒன் எர்த்துலதாம்லே" என்று நீ சொல்லியிருக்கலாமே என்று வைகிறேன். வைது வைது, கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன். நீ வந்து சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். பெஞ்சில் இருக்கிறவர்களைப் பார்த்து இன்னொரு பேர் வைத்திருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் டார்ச் வாங்கியிருக்கிறாய்.